எடையில்லாக் குப்பை: கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் தெர்மாகோல்

தெர்மாகோல் என்று கடைத்தெருவில் வழங்கும் வெள்ளைப் பொருள், பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உப்ப வைத்துச் செய்யப்படுவது. அதன் கன அளவில் சுமார் 98 விழுக்காடு காற்று. பிளாஸ்டிக் என்று இருப்பது மீதி 2 விழுக்காடுதான். ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு தெர்மாகோல் 15 முதல் 30 கிலோவுக்குள் அடங்கிவிடும். குளிரைக் காப்பது, அடி தாங்குவது, மிதப்பது, மலிவாக இருப்பது என அதன் நற்குணங்கள் எல்லாம் இந்தக் காற்றால் வருபவை. அதைக் குப்பையிலிருந்து யாரும் பொறுக்கி எடுக்காததற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். கடற்கரைக்கும் மாநகரங்களுக்கும் தள்ளி, ஆறுகள் பிறக்கும் கல்வராயன் மலையை மேற்கே வைத்துக்கொண்டிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்தே பார்க்கலாம்.

பாலிஸ்டைரீனின் மூலமான ஸ்டைரீனை 1839-இல் பெர்லினைச் சேர்ந்த மருந்தாளுநர் எடுவார்ட் சைமன், ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினிலிருந்து பிரித்தெடுத்தார். எண்ணெய் போன்ற அந்தத் திரவம் வைத்திருந்த இடத்திலேயே கெட்டியாவதையும் அவர் கண்டார். அது ஏன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாவதே காரணம் என்று 1920-களில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் விளக்கினார். அந்த ஆய்வுகளுக்காக 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1930-களில் ஜெர்மனியில் பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கியது. அதை மணிமணியாக உப்ப வைக்கும் முறையை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஃப்ரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1950-ஐ ஒட்டிக் கண்டறிந்தார். ஆர்.ஏ. கோல் என்ற பெயரில் 1943-இல் தொடங்கி, பின்னாளில் பி.ஏ.எஸ்.எஃப். இந்தியாவாக மாறிய நிறுவனத்தின் வணிகப் பெயராகத்தான் தெர்மாகோல் இந்தியச் சந்தைக்கு வந்தது.

செய்முறை எளியது. சர்க்கரைப் பருக்கை போன்ற பாலிஸ்டைரீன் மணிகளுக்குள் 4 முதல் 7 விழுக்காடு பென்டேன் அடைக்கப்பட்டிருக்கும். நீராவி பட்டதும் பிளாஸ்டிக் இளகும். உள்ளிருக்கும் பென்டேன் விரிந்து, சூடான மணலில் அரிசி பொரிவதுபோல் மணி தன் அளவைப்போல் 40, 50 மடங்கு உப்பும். உப்பிய மணிகளைச் சில மணி நேரம் ஆறப்போட்டால் பென்டேன் வெளியேறிக் காற்று உள்ளே புகும். பிறகு அச்சில் கொட்டி மறுபடியும் நீராவி செலுத்தினால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெட்டியாகவோ பலகையாகவோ ஆகின்றன. ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தால் மணிகள் தனித்தனியாகத் தெரியும். ஓசோன் படலத்தை ஓட்டையாக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுவால் இது செய்யப்படுகிறது என்று பள்ளிக் கட்டுரைகளில் இன்றும் எழுதுகிறார்கள். அந்த வாயு பயன்பட்டது அழுத்திப் பிதுக்கிச் செய்யும் வேறு வகை நுரைகளில். பென்டேனால் ஓசோன் படலத்துக்குக் கேடில்லை. தரையை ஒட்டிய காற்று மாசுக்கு அது கொஞ்சம் துணைபோகிறது, அவ்வளவே.

2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி. இங்கே வந்து சேரும் தெர்மாகோலில் பெரும்பகுதியை யாரும் தெர்மாகோல் வேண்டும் என்று கேட்டு வாங்குவதில்லை. வேறு சரக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மிக்சி ஆகியவற்றின் அட்டைப்பெட்டிக்குள் மூலைக்கு ஒன்றாகச் செருகியிருக்கும் துண்டுகள் ஒரு வகை. இன்சுலின் போல 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டிய மருந்துகள் வரும் சிறு பெட்டிகள் இன்னொரு வகை. கட்டட வேலையில் இரண்டு சுவர்களுக்கிடையே விரிவு இணைப்பாக வைக்கும் பலகைகளும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கண்ணில் படுவது மீன் பெட்டி.

கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் பிடிபடும் மீன் பனிக்கட்டியோடு பெட்டியில் அடைபட்டு, இரவோடு இரவாக உள்மாவட்டச் சந்தைகளுக்குப் பயணப்படுகிறது. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், இரண்டரை செ.மீ. சுவர் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியே 33 டிகிரி வெப்பம், உள்ளே உருகும் பனிக்கட்டி. தெர்மாகோலின் வெப்பக் கடத்துதிறனை வைத்துக் கணக்கிட்டால், சுவர் வழியாக உள்ளே புகும் வெப்பம் மணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பனிக்கட்டியைத்தான் உருக்கும். ஆறு மணி நேரப் பயணத்துக்கு மூன்று கிலோ பனிக்கட்டி போதும். ஓலைக்கூடையிலோ மூங்கில் கூடையிலோ இது நடக்காது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்களில் கெடாத கடல்மீன் கிடைப்பதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. தெர்மாகோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நன்மையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது நேர்மையான கணக்காகாது.

காலியான பெட்டிக்கு ஊரில் இரண்டாம் வாழ்வும் கிடைப்பதுண்டு. மண் நிரப்பி மாடியில் கீரை போடுகிறார்கள். நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அதில் ஒரு குண்டு பல்பு, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அடைகாப்பானாக மாற்றுகிறார்கள். 37.5 டிகிரியை விடாமல் காத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். சிறிய பல்பே போதும் என்பதற்குக் காரணம், பனிக்கட்டியைக் காத்த அதே சுவர்தான். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எரிமலையும் சூரியக் குடும்பமும் தெர்மாகோலில்தான் பிறக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிய மாதிரிகளையும் அதிலேயே செய்கிறார்கள்!

தமிழ்நாட்டில் தெர்மாகோல் மிகப் பெரிய அளவில் பேசப்பட்ட நிகழ்வு 2017 ஏப்ரல் 21-இல் வைகை அணையில் நடந்தது. நீர் ஆவியாவதைத் தடுக்கவென்று அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு முன்னிலையில், ஒட்டுநாடாவால் இணைத்த தெர்மாகோல் அட்டைகள் நீர்ப்பரப்பில் மிதக்கவிடப்பட்டன. காற்று அவற்றை உடனே கரைக்குத் தள்ளிவிட்டது. நாடு முழுதும் சிரித்தாலும், நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது என்ற எண்ணம் தவறானதல்ல. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டியது. காற்றில் பறக்காதிருக்க அந்தப் பந்துகளுக்குள் தண்ணீர் ஊற்றி எடை கூட்டியிருந்தார்கள். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவும் ஒரு அங்குலக் கனமும் உள்ள தெர்மாகோல் அட்டை 400 கிராம்கூடத் தேறாது. வைகையில் காற்று அடித்துப்போனது அந்த எடைக்குறைவைத்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கோமுகி அணையின் கரையில் கிடக்கும் ஒரு துண்டுக்கும் இதே விதிதான்.

வைகை நிகழ்வுக்கு அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. 2018 ஜூன் 5-இல் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்து, ஜூன் 25-இல் அரசாணை வெளியாகி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது. தெர்மாகோல் தட்டும் தெர்மாகோல் குவளையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நியூயார்க் நகரம் நுரைக் குவளைகளைத் தடைசெய்ததும் அதே ஜனவரி 1-இல்தான். இலங்கை இவ்விரண்டையும் முந்திக்கொண்டது: 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் குடித்த பிறகு, அங்கே ரெஜிஃபோம் எனப்படும் நுரைச் சோற்றுப்பெட்டிகளுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நுரை உணவுக் கலன்களை நிறுத்தியது. இந்திய அரசின் 2021 ஆகஸ்ட் திருத்த விதிகளின்படி, 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்குத் தெர்மாகோலைப் பயன்படுத்துவது நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. மண்டப மேடையில் மணமக்கள் பெயரை வெட்டி, பளபளப்புத் தூள் தூவி ஒட்டும் வழக்கம் சட்டப்படி அத்துடன் முடிந்துவிட்டது. நீர்நிலைகளில் கரைக்கும் விநாயகர் சிலைகளுக்கும் தெர்மாகோல் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தத் தடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரியும். தட்டு, குவளை, அலங்காரம், சிலை ஆகியவை மக்கள் கையில் தெரிகிற பொருள்கள். தடை அவற்றின் மேல்தான் விழுந்தது. மீன் பெட்டியும் மருந்துப் பெட்டியும் தொலைக்காட்சியைக் காக்கும் மூலைத் துண்டும் தடைக்கு வெளியே நிற்கின்றன. உற்பத்தி செய்பவரும் விற்பவரும் தங்கள் சிப்பக் கழிவுக்குத் தாங்களே பொறுப்பேற்று, மறுசுழற்சி செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வந்த விதி சொல்கிறது. ஆனால் அந்தச் சான்றை எந்த மூலையில் மறுசுழற்சி செய்தும் பெறலாம். பெருநகரம் ஒன்றில் கணக்கை நேர்செய்துவிட முடியும்போது, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை வரை ஏறி ஒரு துண்டு தெர்மாகோலைத் திரும்ப எடுத்துவர எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை.

கட்டாயம் இல்லாத இடத்தில் லாபமாவது இருக்க வேண்டும். காயலான் கடையில் இரும்புக்கு விலை உண்டு, அட்டைப்பெட்டிக்கு உண்டு, தண்ணீர் பாட்டிலுக்கும் உண்டு. தெர்மாகோலைக் கொண்டுபோனால் எடைத்தட்டு அசையாது. மேலே சொன்ன மீன் பெட்டியில் இருக்கும் தெர்மாகோல் சுமார் அரைக் கிலோ. அதை உருக்கினால் அரை லிட்டர் அளவுக்கு ஒரு கட்டி வரும். உருக்காமல் ஏற்றினாலோ 72 லிட்டர் இடத்தை அடைக்கும். 40 கனமீட்டர் கொள்ளும் லாரியில் இப்படி 550 பெட்டி ஏற்றலாம். மொத்த எடை சுமார் 275 கிலோதான் வரும். பத்து டன் சுமக்கக்கூடிய வண்டி மூன்று விழுக்காடு சுமையோடு 250 கிலோமீட்டர் ஓடிச் சென்னை போய்ச் சேர்ந்தால், டீசல் காசுக்கே சரக்கு காணாது. மீன் கவிச்சி ஏறிய பெட்டியாக இருந்தால் கழுவும் செலவு வேறு. மறுசுழற்சி செய்ய முடியாத பொருளல்ல தெர்மாகோல். வேதியியல்படி அது நன்றாகவே மறுபடி உருகும். படச்சட்டமாகவும் அளவுகோலாகவும் வார்க்க முடியும். அதைத் தடுப்பது வண்டி வாடகை.

விலை இல்லாத குப்பையைப் பெருக்கித் தள்ளித் தீ வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. பாலிஸ்டைரீனின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பென்சீன் வளையம் தொங்குகிறது. திறந்த வெளியில் எரிக்கும்போது இந்த வளையங்கள் முழுதாக எரியாமல் கரியாகச் சேர்ந்துகொள்வதால்தான் அவ்வளவு கறுப்புப் புகையும், நூல் நூலாக மிதந்து துணியில் ஒட்டும் ஒட்டடைக் கரியும் கிளம்புகின்றன. புகையில் கார்பன் மோனாக்சைடு, ஸ்டைரீன், பென்சீன் ஆகியவையும் இருக்கும். கட்டடப் பலகைகளில் தீ பரவாதிருக்கச் சேர்க்கப்பட்ட எச்.பி.சி.டி. என்ற புரோமின் சேர்மம், அழியாமல் உடலில் தங்கும் நச்சு என்று 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெர்மாகோல் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழும். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும் காட்டோரத்தில் இது காட்டுத்தீக்கு வழிவிடும்.

எரிக்காமல் விட்டது நீர்வழி போகும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றைக் கச்சிராயபாளையம் அருகே 46 அடி அணையும், மணிமுக்தா ஆற்றைச் சங்கராபுரம் பக்கம் 36 அடி அணையும் தடுத்து நிறுத்துகின்றன. இவற்றின் நீர் விருத்தாசலம் பக்கமாகப் போய் வெள்ளாற்றோடு கலக்க, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. மலையிலுள்ள மேகம் நீர்வீழ்ச்சிக்கும் பெரியார் நீர்வீழ்ச்சிக்கும் வருகிறவர்கள் விட்டுப்போகும் ஒரு நுரைப்பெட்டி இந்தப் பாதையின் உச்சியில் கிடக்கிறது. முழுப் பெட்டியாக இருக்கும்வரை அது ஒரு பெட்டி. பாறையில் மோதி உடைந்தால் மணிகளாக உதிர்கிறது. நான்கு மில்லிமீட்டர் மணி என்று வைத்துக்கொண்டால் ஒரு மீன் பெட்டிக்குள் ஏறத்தாழ ஏழு லட்சம் மணிகள். அணை மதகைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி வயலுக்கு வந்தால், தண்ணீர் கட்டிய நெல் வயலில் மிதந்து வரப்போரம் ஒதுங்கும். கையால் பொறுக்க முயன்றால் நிலைமின்னேற்றத்தால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்தால் கூட்டினால் பறக்கும். ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் இருக்கும் எந்தக் கருவியும் இந்த வேலைக்கு உதவாது.

அந்த மணியை மீனும் பறவையும் முட்டை என்றோ விதை என்றோ நினைத்து விழுங்கக்கூடும். வயிற்றில் செரிக்காமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். தெர்மாகோல் 500 ஆண்டு அழியாது என்ற கணக்கு எங்கும் அடிபடுகிறது. அதை யாரும் அளந்து சொன்னதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயில் நேராகப் படும் பாலிஸ்டைரீன் சில பத்தாண்டுகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்குள் சிதைந்துவிடலாம். வெயில் படாமல் மண்ணிலோ வண்டலிலோ புதைந்ததற்கு அந்த வாய்ப்பில்லை. எப்படியும், சிதைவு முடிவதற்கு வெகுமுன்பே அது கண்ணுக்குத் தெரியாத துகளாகிவிடுகிறது. நுரைக்குள் காற்று உள்ளவரை மிதக்கும். காற்று போன துகள் தண்ணீரைவிடச் சற்று எடை கூடியதால் மெல்ல அடியில் படியும்.

உடல்நலக் கேட்டில் மிகைப்படுத்தலும் உண்டு, அலட்சியமும் உண்டு. 2018-இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குழு, ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியது. தொழிற்சாலையில் ஸ்டைரீன் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்குத்தான் இது முதலில் பொருந்தும். உணவுக் கலனிலிருந்து கசியும் அளவு மிகவும் குறைவு. ஆனால் சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அந்தக் கசிவு கூடும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்குவது. கடாயிலிருந்து எடுத்த பஜ்ஜியை அதன்மேல் வைத்தால் தட்டில் பள்ளம் விழும். உருகிப்போன அந்தப் பிளாஸ்டிக் பஜ்ஜியில்தான் ஒட்டியிருக்கும்.

தீர்வுகள் என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே தரமானவை அல்ல. நூறு மாவுப்புழுக்கள் சேர்ந்து ஒரு நாளில் 34 முதல் 39 மில்லிகிராம் தெர்மாகோலைத் தின்கின்றன என்று 2015-இல் ஸ்டான்ஃபோர்டு, பெய்ஹாங் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் கண்டது நல்ல அறிவியல்தான். ஊர்க் குப்பைக்கு அதைப் பொருத்தினால், அரைக் கிலோ எடையுள்ள ஒரே ஒரு மீன் பெட்டியைத் தின்று முடிக்க நூறு புழுவுக்குக் குறைந்தது 35 ஆண்டு வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறை இதைவிடக் கைக்கெட்டியது. சூடாக்கிய ஜல்லியின்மேல் துகளாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஜல்லிக்கு மேலுறையாகும்; பிறகு தார் சேர்ப்பார்கள். பி.வி.சி. ஆகாது, பாலித்தீனோடு பாலிஸ்டைரீன் நுரையும் ஆகும். சாலை போடும் இடத்துக்கு அருகிலேயே கழிவு கிடைத்துவிடுவதால், 250 கிலோமீட்டர் லாரிக் கணக்கு இங்கே குறுக்கிடாது. மலைக் கிராமங்களுக்குச் சாலை போடும்போது இதற்கு இடமுண்டு. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளின் சூளைகளில் நிலக்கரியோடு எரிப்பது மற்றொரு வழி. ஒரு கிலோ பாலிஸ்டைரீனில் 40 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, நிலக்கரியைவிட அதிகம். சூளை வெப்பத்தில் புகையில்லாமல் எரிந்தும்விடும். ஆனால் ஏற்றிப்போகும் முன் நசுக்கியோ உருக்கியோ சுருக்காவிட்டால் பழைய லாரிக் கணக்கே திரும்பும். 50 பெட்டியை ஒரு பெட்டி இடத்துக்குள் சுருக்கும் இயந்திரங்கள் சந்தையில் இருக்கின்றன. ஊருக்கு ஒன்று தேவையில்லை. மீன் சந்தையும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளும் அடர்ந்திருக்கும் கள்ளக்குறிச்சி போன்ற ஒரு நகரத்தில் ஒன்றை வைத்தால், சின்னசேலமும் சங்கராபுரமும் தியாகதுருகமும் அங்கே கொண்டுவந்து கொட்டலாம்.

மாற்றுப் பொருள்களில் தட்டுக்கும் குவளைக்கும் குறையில்லை: பாக்குமட்டை, தையல் இலை, கரும்புச் சக்கைத் தட்டு, எவர்சில்வர். சிப்பங்களில் இடைவெளி அடைக்க மாவுச்சத்தால் செய்த நுரை உருண்டைகள் 1990-களிலிருந்தே உலகில் புழங்குகின்றன. தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். மரவள்ளியும் சேகோ ஆலைகளும் உள்ள சேலம், சின்னசேலம் வட்டாரத்தில் அதற்கு மூலப்பொருள் காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் கரையும் குணத்தாலேயே அது மீனுக்கு உதவாது. பனிக்கட்டி உருகி நாள் முழுதும் நனையும் பெட்டிக்கு வேறு வழிதான் தேட வேண்டும். இரட்டைச் சுவருக்குள் நுரை அடைத்த கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகள் துறைமுகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. விலை பல மடங்கு, ஆயுளும் பல மடங்கு. அவை மீனோடு கள்ளக்குறிச்சி வந்து, அடுத்த வண்டியில் காலியாகக் கடலூர் திரும்ப வேண்டும். நீலகிரியில் 2022 மே மாதம் முதல் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தக் காசைத் திருப்பித் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. பாட்டிலுக்கு வைத்த முன்பணத்தை மீன் பெட்டிக்கும் வைக்கலாம். வண்டி எப்படியும் திரும்பத்தான் போகிறது. அதில் காலிப்பெட்டிக்கும் இடம் இருக்கும்.